கூரைக்குள் ஒரு மாடி

அமெரிக்காவில் பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் எழுந்த அரசுக் கட்டடங்கள் பலவற்றின் உச்சியில் ஒரே மாதிரியான கூரையைக் காணலாம். சுவர் முடியும் இடத்திலிருந்து ஏறக்குறையச் செங்குத்தாக எழுந்து, சற்று மேலே மடங்கி, கிட்டத்தட்டத் தட்டையாகிவிடும். செங்குத்துப் பகுதியில் வரிசையாகச் சன்னல்கள் இருக்கும். இதன் பெயர் மேன்சார்ட் கூரை. பதினேழாம் நூற்றாண்டில் பிரான்சில் இதைப் பரவலாக்கிய பிரான்சுவா மான்சார் என்ற கட்டடக் கலைஞரின் பெயரால் வழங்குகிறது.

வழக்கமான சரிவுக் கூரைக்கு அடியில் ஓரமாக நடந்தால் தலை இடிக்கும். கீழ்ச்சரிவை நிமிர்த்திவிட்டால் அங்கே ஆள் உயர அறைகள் கிடைக்கும். சுவரை உயர்த்தாமலே ஒரு மாடி கூடிவிடும்.

பிரான்சின் இரண்டாம் பேரரசு எனப்படும் மூன்றாம் நெப்போலியன் காலத்தில், 1852 முதல் 1857 வரை, பாரிஸின் லூவ்ர் அரண்மனை இத்தகைய கூரைகளோடு விரிவாக்கப்பட்டது. அதைப் பார்த்து அட்லாண்டிக்குக்கு அப்பாலும் ஆசை பிறந்தது. பாஸ்டன் நகர மன்றம் 1865இல் இந்த 'இரண்டாம் பேரரசுப் பாணி'யில் எழுந்தது. உள்நாட்டுப் போருக்குப் பின் அரசு அலுவலகங்கள் பெருகின. கூடுதல் அறைகளும் வேண்டும், கம்பீரமும் வேண்டும். வாஷிங்டனில் வெளியுறவு, போர், கடற்படைத் துறைகளுக்காக ஆல்ஃபிரட் மல்லெட் வடிவமைத்த கட்டடத்தின் வேலை 1871இல் தொடங்கி 1888இல்தான் முடிந்தது.

இந்தக் கூரைக்கு ஓர் ஆபத்தும் உண்டு. வணிகக் கட்டடங்களில் இதை மரச்சட்டங்களால் கட்டினார்கள். 1872 நவம்பரில் பாஸ்டனில் தீப்பிடித்தபோது, தண்ணீர் எட்டாத உயரத்தில் நெருப்பு கூரைக்குக் கூரை தாவியது. 776 கட்டடங்கள் அழிந்தன.

இந்தப் பாணியின் காலத்தை முடித்துவைத்தது எஃகு. இதே பாணியில் 1871இல் தொடங்கிய பிலடெல்பியா நகர மன்றம் முடிய 1901 ஆயிற்று. அதன் 167 மீட்டர் கோபுரத்தைத் தாங்குவது எஃகுச் சட்டகம் அல்ல, கனத்த கல், செங்கல் சுவர்கள். அது வளர்ந்துகொண்டிருந்த ஆண்டுகளிலேயே எஃகுச் சட்டகமும் மின்தூக்கியும் வந்து, பத்து இருபது மாடிகளை எளிதாக்கிவிட்டன. கூரைக்குள் கிடைக்கும் ஒற்றை மாடிக்கு மதிப்பில்லாமல் போனது.

ஆனால் அழகுக்கு மதிப்புக் குறையவில்லை. கனடாவின் மான்ட்ரியல் நகர மன்றம் 1922இல் எரிந்தபோது, எஞ்சிய கற்சுவர்களுக்குள் எஃகால் புதிய கட்டடம் எழுப்பினார்கள். அதன் தலையிலும் மேன்சார்ட் கூரையையே வைத்தார்கள்.