ஏரிப் பாசனமும் ஆயக்கட்டுதாரர் ஒற்றுமையும்

ஏரி வரத்துக்கால்களில் தூர் எடுத்தல், கரையைச் செப்பனிடுதல் முதலிய வேலைகளைக் குடிகள் கூடிச் செய்யும் வழக்கம் குடிமராமத்து எனப்படும். சென்னை மாகாணத்தில் 1858-ஆம் வருஷத்துச் சட்டம் இவ்வழக்கத்திற்குப் பலமளித்தது. 2017-இல் தமிழ்நாடு அரசாங்கத்தார் இப்பெயராலேயே ஒரு திட்டத்தைத் தொடங்கினர்.

நீர் குறைந்த காலத்தில் முறை வைத்துப் பாய்ச்சுபவர் நீர்க்கட்டி. சில கிராமங்களில் நிலமில்லாதவரையே இவ்வேலைக்கு அமர்த்துவர். தமக்கென வயல் இல்லாதவர் பட்சபாதமின்றிப் பங்கிடுவார் என்பதே காரணம்.

இவ்வொற்றுமை குலைவதற்குப் பகை ஒன்றே காரணமன்று. ஆயக்கட்டில் சொந்தக் கிணறு வெட்டி மோட்டார் வைத்தவருக்கு ஏரியில் அக்கறை குறைகின்றது. அவர் வேலைக்கு ஆள் அனுப்பாதது கண்டு அடுத்தவரும் நின்றுவிடுகிறார். வரத்துக்கால் தூர்ந்து ஏரி நிரம்பாமற் போகின்றது. முதலில் கடைமடைப் பயிர் கதிர்விடும் தருணத்தில் காய்கின்றது. பின்னர், ஏரிக் கசிவால் ஊறிவந்த அக்கிணறும் வற்றுகின்றது. ஆகவே விலகினவரும் நஷ்டத்திற்குத் தப்புவதில்லை.

இதனைத் தடுக்க, ஆடி, ஆவணி மாதங்களிலேயே தமுக்கடித்துக் கூட்டம் கூட்டுதல் நலம். கிணறுடையவர், இல்லாதவர் என்ற பேதமின்றி ஏக்கர் விகிதப்படி ஆள்கணக்கை நிர்ணயித்து, வந்தவர் வராதவர் விவரத்தை யாவரும் அறியப் படித்துக் காட்டுதல் வேண்டும். கணக்கு வெளிப்படையாயின் சந்தேகத்திற்கு இடமிராது.