கொமீஸ் பேரிக்காய்: ஒரு பழைய பிரெஞ்சு இனத்தின் இயல்புகள்

பேரிக்காய் இனங்களுள் சுவையில் சிறந்தது எது என வினவினால், மேலைநாட்டுப் பழத்தோட்டக்காரர் பலர் ‘துவாயென்னே து கொமீஸ்’ என்னும் பிரெஞ்சு இனத்தையே குறிப்பிடுவர். பிரான்சின் மேற்குப் பகுதியிலுள்ள ஆஞ்சே நகரின் தோட்டக்கலைச் சங்கம் விதையிலிருந்து வளர்த்த நாற்றுக்களுள் ஒன்று, 1849-ஆம் ஆண்டில் முதன்முறையாகக் காய்த்தது. அச்சங்கத்தைக் குறித்த ‘கொமீஸ்’ என்ற சொல்லே இனத்தின் பெயரிலும் அமைந்தது.

இதன் பழம் பெரியது, அடிப்புறம் பருத்தது, காம்பு குட்டையாகவும் தடித்தும் இருக்கும். பசுமை கலந்த மஞ்சள் நிறத் தோலின்மேல் பழுப்புப் புள்ளிகளும் சொரசொரப்பான திட்டுக்களும் காணப்படும். சதை வெண்ணெய்போல் கரையும்; சாறும் நறுமணமும் மிகுந்தது. தோல் மெல்லியதாகையால் எளிதில் கன்றிப்போகும்.

இப்பழத்தை மரத்திலேயே கனிய விடலாகாது. கனிதல் உள்ளிருந்து தொடங்குவதால், வெளிப்புறம் உறுதியாகத் தோன்றும்போதே நடுப்பகுதி பழுத்தழிந்துவிடும். ஆதலின், முற்றிய காயைக் கடினமாயிருக்கும்போதே பறித்தல் வேண்டும். காயை உள்ளங்கையில் ஏந்தி மெல்ல உயர்த்தினால் காம்பு கிளையினின்று தானே விடுபடுவது முற்றியதற்கு அடையாளமாகும். பறித்த காய்களைச் சுமார் 0 டிகிரி சென்டிகிரேடில் ஏறத்தாழ ஒரு மாதம் வைத்து, பின் அறை வெப்பத்திற்குக் கொண்டுவந்தால் சில நாட்களில் சீராகக் கனியும். கனிதலைத் தூண்டும் எத்திலீன் வாயுவைக் காய் தானே உண்டாக்கும் திறனை இக்குளிர் வளர்க்கின்றது. காம்பருகே மெல்ல அழுத்திப் பார்த்துப் பக்குவம் அறியலாம்.

மரம் செழித்து வளரும். எனினும் காய்க்கத் தாமதமாகும். விளைச்சலும் ஆண்டுதோறும் ஒரே சீராக இராது. சொறிநோய்க்கு எளிதில் இலக்காகும். நல்ல விளைச்சலுக்கு, அதே காலத்தில் பூக்கும் வேறு இன மரம் அருகில் இருத்தல் இன்றியமையாதது. சீமை மாதுளை எனப்படும் குவின்ஸ் வேர்ச்செடியில் ஒட்டுக்கட்டினால் மரம் சிறிதாகி விரைவில் காய்க்கும். வில்லியம்ஸ் போன்ற இனங்கள் குவின்ஸுடன் நன்கு இணைவதில்லை. கொமீஸோ நன்கு இணையும்.

ஆசிரியர்கள் மாணவர்க்கு விளக்கத்தக்க உண்மை ஒன்றும் இதில் உண்டு. கொமீஸ் பழத்தின் விதையை நட்டால் கொமீஸ் கிடைப்பதில்லை. ஒவ்வொரு நாற்றும் வெவ்வேறு இயல்புடையதாகும். இன்று உலகிலுள்ள கொமீஸ் மரங்கள் யாவும் ஆஞ்சேயின் அந்த ஒரு மரத்தினின்று ஒட்டுவழி வந்தவையே. தாய்மரத்தின் நற்பண்புகளோடு அதன் வைரஸ் நோய்களும் ஒட்டுக்குச்சி வழியே பரவக்கூடும். ஆகவே, நோயற்ற தாய்மரத்தைத் தேர்ந்தெடுத்தலே ஓர் இனத்தைக் காக்கும் முதற்பணியாகும்.