விண்வெளிப் படமும் இறுவட்டும்



1969ஆம் ஆண்டு ஜூலை மாதம் 21ஆந் திகதி, இலங்கை நேரம் காலை 8.26 மணியளவில் நீல் ஆம்ஸ்ட்ரோங் சந்திரனிற் காலடி வைத்தார். உலகெங்கும் ஏறத்தாழ 60 கோடி மக்கள் அக்காட்சியைத் தொலைக்காட்சியிற் கண்டனர் என்பது மதிப்பீடு. நம் நாட்டவர் காணவில்லை, கேட்டனர். தொலைக்காட்சி இங்கு வந்தது 1979ஆம் ஆண்டிலேதான். அதற்கு முன், 1975இல், இந்திய விண்வெளி ஆய்வு நிறுவனத்தார் எழுத்தாளர் ஆதர் சி. கிளார்க்கின் கொழும்பு இல்லத்தில் ஒரு செய்மதி ஏற்பியை அமைத்துக் கொடுத்தனர் என்பது தனிக்கதை.

வானொலிப் பெட்டியைச் சூழ்ந்திருந்து கேட்ட அந்தக் காலையைப் பற்றி என் தந்தையார் பலமுறை சொல்லியிருக்கிறார். நான் அப்போது பிறக்கவில்லை. ஆயினும், கேட்டதைக் கண்ணாற் காணவேண்டும் என்ற அவருடைய ஆசை எனக்கும் தொற்றிக்கொண்டது. அப்பல்லோப் பயணங்களைக் காட்டும் ஆவணப்படங்கள் இறுவட்டுகளாக வரத் தொடங்கியபோது ஒவ்வொன்றாகச் சேர்த்தேன். நுகேகொடையிலுள்ள என் வீட்டு அலுமாரியில் இரண்டு தட்டுகள் நிறைந்தன. 2008 ஒக்டோபர் 22ஆந் திகதி சந்திரயான் விண்கலம் ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து புறப்பட்டபோது, தொலைக்காட்சிச் செய்திகளிற் காட்டப்பட்டவற்றை ஒரு வெற்று இறுவட்டிற் பதிவு செய்வித்தேன். பொக்கிஷம் பத்திரமாயிற்று என்றே எண்ணினேன்.

2019இல், சந்திரப் பயணத்தின் ஐம்பதாம் ஆண்டு நிறைவன்று, மாணாக்கருக்குக் காட்டவென்று அவற்றைப் பாடசாலைக்கு எடுத்துச் சென்றேன். கடையில் வாங்கிய அப்பல்லோ இறுவட்டுகள் குறையின்றி ஓடின. சந்திரயான் இறுவட்டோ சுழன்றது, முனகியது, பின்பு நின்றுவிட்டது. முன்வரிசையிலிருந்த பிள்ளைகள் சிரித்தார்கள். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

கண்ணுக்கு ஒன்றுபோலத் தோன்றும் இவ்விரண்டும் அமைப்பில் வேறானவை. தொழிற்சாலையில் அச்சிடப்படும் இறுவட்டிலே, தகவல்கள் நுண்ணிய குழிகளாகப் பிளாஸ்திக்கில் அழுத்தப்பட்டு, அலுமினியப் பூச்சொன்றால் மூடப்படுகின்றன. நாம் வீட்டிற் பதியும் வட்டிலே குழிகள் இல்லை. சாயப்படலம் ஒன்றே உண்டு. லேசர்க் கதிர் அச்சாயத்தைச் சுட்டுப் புள்ளி வைக்கிறது. சாயமென்றால் வெளிறும். வெயிலும் வெப்பமும் ஈரமும் அதனை விரைந்து கெடுக்கும். கடலோரத்து வெள்ளவத்தையிலேதான் ஈரக்காற்று என்று எண்ணவேண்டாம். நுகேகொடையிலும் மழைக்காலத்திற் புத்தக அட்டைகள் பூஞ்சணம் பூக்கின்றன. போதாக்குறைக்கு, என் அலுமாரி மேற்குச் சுவரோடு நின்றது.

நம் அலுமாரி கிடக்கட்டும். சந்திரனுக்கு மனிதரை அனுப்பிய நாசா நிறுவனத்தார் என்ன செய்தனர்? சந்திரனிலிருந்து வந்த மூலக் காட்சி செக்கனுக்குப் பத்துப் படங்கள் வீதம் அனுப்பப்பட்டது. வீட்டுத் தொலைக்காட்சிக்கு அது ஒவ்வாது. ஆதலால், அவுஸ்திரேலியாவிலும் கலிபோர்னியாவிலும் இருந்த ஏற்பி நிலையங்களில், விசேட திரையொன்றில் அதனை ஓடவிட்டு, அத்திரையைச் சாதாரண தொலைக்காட்சிக் கமராவாற் படம்பிடித்து உலகுக்கு அனுப்பினர். தெளிவு பெரிதும் குன்றியது. தெளிவான மூலம் காந்த நாடாக்களிற் பதிவாகியிருந்தது. பிற்காலத்தில் அவற்றைத் தேடியபோது ஒன்றும் அகப்படவில்லை. நாடாத் தட்டுப்பாடு நேர்ந்த காலத்தில் அவை அழிக்கப்பட்டு, வேறு பதிவுகளுக்குப் பயன்படுத்தப்பட்டிருக்க வேண்டும் என்ற முடிவுக்கே 2009இல் அந்நிறுவனம் வந்தது. எஞ்சியிருந்த ஒளிபரப்புப் பிரதிகளைத் திரட்டி, துலக்கி வெளியிட்டனர். இன்று நாம் காண்பது அதுவே.

இன்னொரு வரலாறும் உண்டு. 1966, 1967ஆம் ஆண்டுகளிற் சந்திரனைச் சுற்றிப் படம்பிடித்த லூனார் ஓர்பிட்டர்க் கலங்களின் நாடாக்கள் தப்பியிருந்தன. அவற்றை வாசிக்கவல்ல இயந்திரங்களோ அருகிவிட்டன. நான்சி எவான்ஸ் என்னும் ஆவணக்காப்பாளர் அத்தகைய பழைய இயந்திரங்கள் சிலவற்றைத் தம் வீட்டுக் கராஜிலே பல்லாண்டுகள் பேணியிராவிட்டால் நாடாக்கள் இருந்தும் பயனில்லை. 2008இல், கைவிடப்பட்ட ஓர் உணவுச்சாலைக் கட்டடத்தில் அவ்வியந்திரங்களைத் திருத்தி ஓட்டி, சந்திரனின் விளிம்பிற் பூமி தெரியும் 1966ஆம் ஆண்டுப் படத்தை, அக்காலத்தவர் கண்டதிலும் தெளிவாக மீட்டெடுத்தனர். புதிய கணினிகள் பலவற்றில் இறுவட்டு செலுத்தும் வாயிலே இல்லை என்பதை நேயர்கள் கவனித்திருப்பீர்கள்.

எனவே, இறுவட்டு வைத்திருப்போர் முதலிற் செய்யவேண்டியது, வாயுள்ள கணினி கிடைக்கும்போதே உள்ளதைப் பிரதி செய்வதாகும். வீட்டிற் பதிந்தவற்றை முதலில் எடுங்கள். கடையில் வாங்கியவை சற்றுப் பொறுக்கும். ஒரு பிரதி வன்தட்டில், இன்னொன்று வேறொருவர் வீட்டில். ஒரே கூரையின்கீழ் இருக்கும் இரண்டு பிரதிகள் வெள்ளத்துக்கு ஒன்றுதான். வட்டினை விளிம்பிற் பிடித்து, உறையிலிட்டு, நிமிர்த்தி, இருளில் வையுங்கள். அதன்மேற் குமிழ்முனைப் பேனாவால் எழுதாதீர்கள்; பழைய வகை வட்டுகளில் மேற்புறத்து மெல்லிய வார்னிஷுக்குக் கீழேதான் உலோகப் படலம் இருக்கிறது.

பிரதி பழுதடையாதிருக்கிறதா என்று அறிய ஒரு வழியுண்டு. கோப்பு முழுவதையும் வாசித்து நீண்ட எண் ஒன்றைத் தரும் செயலி கணினியில் உண்டு. கோப்பில் ஓர் எழுத்து மாறினும் அவ்வெண் மாறிவிடும். வரவு இடாப்பின் கீழே தொகை எழுதுவதுபோல, அவ்வெண்ணை ஒரு கொப்பியிற் குறித்துவைத்து, ஆண்டுக்கொருமுறை ஒப்பிட்டுப் பார்க்கிறேன்.

சந்திரயான் இறுவட்டின் மற்றொரு பிரதியைக் கொட்டாஞ்சேனையிலிருந்த பழைய மாணவர் ஒருவருக்கு 2008இலேயே கொடுத்திருந்தேன், மறந்தும் போனேன். அது துணிப்பெட்டியொன்றின் அடியில், இருளிற் கிடந்திருக்கிறது. அவருடைய பழைய கணினியில் இரவு முழுவதும் ஓடி, இறுதிச் சில நிமிடங்கள் நீங்கலாக அனைத்தும் மீண்டன. ரொக்கெட் எழும் காட்சி முழுமையாக இருக்கிறது. அக்கணினியையும் அவரிடமிருந்து விலைக்கு வாங்கிவிட்டேன். இப்போது அது என் மேசைக்குக் கீழே, துணி போர்த்தியபடி இருக்கிறது.