ஜாதகத்தோடு இதையும் எழுதி வையுங்கள்

மட்டாஞ்சேரியில் நம் சங்கத்துக் குடும்பங்கள் பலவற்றில் மூன்று தலைமுறை ஜாதகம் பத்திரமாக இருக்கும். ஆனால் அத்தை எந்த நோயில் காலமானார் என்று கேட்டால், "ஏதோ கட்டியாம்" என்பதோடு பேச்சு நின்றுவிடும். கல்யாணத்துக்குப் பெண் இருக்கும் வீட்டில் அதைச் சொல்லத் தயக்கம். அந்தத் தயக்கத்தால் வரும் கேட்டைச் சொல்லவே இக்கட்டுரை. நான் மருத்துவன் அல்லன். ரயில்வே இஞ்சினீயராக இருந்து ஓய்வு பெற்றவன். படித்தறிந்ததை எழுதுகிறேன்.

ஹார்மோன்களை நேரே இரத்தத்தில் கலப்பவை நாளமில்லாச் சுரப்பிகள். சில குடும்பங்களில் இச்சுரப்பிகள் பலவற்றில் கட்டி உண்டாகும் குறை பரம்பரையாக வருகிறது. அதில் ஒரு வகையை 1954-ல் அமெரிக்காவில் பால் வெர்மர் என்ற மருத்துவர் விளக்கினார். இன்று அதன் பெயர் எம்.இ.என்.-1. அதற்குக் காரணமான மரபணு 1997-ல் கண்டறியப்பட்டது. செல்லின் வளர்ச்சிக்கு அது ஒரு பிரேக். தாய்வழி ஒன்று, தந்தைவழி ஒன்று என நமக்கு இரண்டு உண்டு. ஒன்று பழுதாகவே பிறந்தவருக்கு, ஏதாவதொரு செல்லில் மற்றதும் பழுதானால் அங்கே கட்டி வளரும்.

கழுத்திலுள்ள பாராதைராய்டில் கட்டி வந்தால் இரத்தத்தில் கால்சியம் ஏறிச் சிறுநீரகக் கல் உண்டாகலாம். கணையத்தில் வந்தால் ஆறாத வயிற்றுப் புண் வரலாம். மும்பையில் பெரியப்பாவுக்குக் கல், கோவையில் அத்தைக்குப் புண் என்றால், இரண்டையும் சேர்த்துப் பார்க்கும் மருத்துவர் யார்? ஊர்விட்டு ஊர் வந்த நமக்கு இது பெரிய குறை.

2014-ல் நெதர்லாந்து மருத்துவர்கள் இன்னொன்றையும் கண்டனர். எம்.இ.என்.-1 உள்ள பெண்களுக்கு மார்பகப் புற்றுநோய் வரும் வாய்ப்பு மற்றவர்களைவிடச் சுமார் 2.8 மடங்கு. அதுவும் சராசரியாக 48 வயதிலேயே. அமெரிக்கா, பிரான்ஸ், டாஸ்மேனியா ஆகிய இடங்களின் நோயாளிகளிடமும் இதே போக்கு தெரிந்தது. ஆகவே இவர்கள் 40 வயதிலிருந்தே மார்பகப் பரிசோதனை செய்துகொள்வது நல்லது என்கின்றனர் அந்நாட்டு ஆய்வாளர்கள்.

இதில் நாம் மறப்பது தந்தை வழியை. பழுது உள்ளவர் தாயானாலும் தந்தையானாலும் ஒவ்வொரு பிள்ளைக்கும் அது சேரும் வாய்ப்புப் பாதிக்குப் பாதி. பெரியப்பாவின் சிறுநீரகக் கல்லும் அவர் மகளுக்குச் செய்தியாகலாம்.

அதற்காகக் கல் வந்தவரெல்லாம் கலங்க வேண்டாம். எம்.இ.என்.-1 மிக அரிது. மார்பகப் புற்றுநோயிலும் பரம்பரையாக வருவது நூற்றுக்கு ஐந்து முதல் பத்து வரைதான்.

தங்கையைப் புற்றுநோய்க்குப் பறிகொடுத்த டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி அதை மறைக்கவில்லை. 1954-ல் அடையாறு புற்றுநோய் மருத்துவமனையையே உருவாக்கினார். வேலூர் சி.எம்.சி.யில் இன்று எம்.இ.என். மரபணுச் சோதனையும் செய்கிறார்கள். ஆனால் எந்த மருத்துவரும் முதலில் கேட்பது குடும்ப விவரத்தைத்தான்.

எனவே இந்த ஞாயிற்றுக்கிழமை பெரியவர்களிடம் உட்கார்ந்து கேளுங்கள். இருபக்கத்து உறவினருக்கும் என்ன நோய், எந்த வயதில் வந்தது என்று எழுதுங்கள். அத்தாளை ஜாதகக் கட்டோடு வையுங்கள். நம் பெண்களுக்கு நாம் விட்டுச்செல்லும் சொத்துகளில் அதுவும் ஒன்று.