தோட்டக் கிணறு உவராவது ஏன்?

யாழ்ப்பாணக் குடாநாட்டில் ஆண்டு முழுவதும் ஓடும் ஆறு எதுவும் இல்லை. வழுக்கையாறும் மாரியில் மட்டுமே ஓடும். ஆகவே வெங்காயம், மிளகாய், மரக்கறி முதலிய தோட்டப்பயிர்கள் கிணற்று நீரையே நம்பியிருக்கின்றன. கோடையில் கிணறு உவர்க்கத் தொடங்கினால், அதனை மேலும் ஆழமாக்கக் கமக்காரர் எண்ணுவதுண்டு. அது பெரும்பாலும் தீமையையே விளைக்கும். அதன் காரணத்தை உணர நிலத்தின் அமைப்பை அறிதல் வேண்டும்.

நிலத்தின் அமைப்பு

குடாநாட்டின் அடியில் இருப்பது சுண்ணாம்புக்கல். பல இலட்சம் ஆண்டுகளுக்கு முற்பட்ட மயோசீன் காலத்தில், கடலடியில் படிந்த சிப்பி, சங்கு முதலியவற்றின் ஓடுகள் இறுகி இக்கல் உண்டாயிற்று. மழைநீர் இக்கல்லைச் சிறிது சிறிதாகக் கரைப்பதால் அதில் வெடிப்புகளும் குகைகளும் ஏற்பட்டுள்ளன. சுன்னாகம், உரும்பிராய், கோண்டாவில் ஆகிய இடங்களிலுள்ள செம்மண் மழைநீரை விரைவில் உள்வாங்கி இவ்வெடிப்புகளுக்குள் இறக்குகின்றது.

நன்னீரும் உவர்நீரும்

குடாநாட்டைக் கடலும் கடனீரேரிகளும் சூழ்ந்திருப்பதால், கடல்நீரும் கல்லின் வெடிப்புகள் வழியே நிலத்தடியிற் புகுந்து நிற்கின்றது. ஒரு கனமீற்றர் நன்னீரின் நிறை 1,000 கிலோகிராம். கடல்நீரின் நிறை ஏறக்குறைய 1,025 கிலோகிராம். ஆதலின் மழையால் வந்த நன்னீர் கடல்நீரின்மேல் மிதக்கின்றது. புத்தூருக்கு அண்மையிலுள்ள நிலாவரைக் கிணற்றில் மேலே நன்னீரும் ஆழத்தில் உவர்நீரும் இருப்பது இதற்குக் கண்கண்ட சான்றாகும்.

கடல்மட்டத்துக்கு மேல் நன்னீர் 1 அடி உயர்ந்து நின்றால், கடல்மட்டத்துக்குக் கீழே ஏறக்குறைய 40 அடி வரை அது நிற்கும் என்பது கணக்கு. இதன் மறுபக்கமே கமக்காரர் அஞ்ச வேண்டியது. மேலே நீர்மட்டம் 1 அடி தாழ்ந்தால், கீழே உவர்நீர் காலப்போக்கில் 40 அடி வரை மேலெழக்கூடும். இரண்டுக்கும் இடையே கலப்புநீர் இருப்பதால், உவர்ப்பு அதற்கு முன்னரே தோன்றலாம். கிணற்றை ஆழமாக்குவோர் அதன் அடியை உவர்நீருக்கு அண்மையிற் கொண்டுசெல்கின்றனர்.

துலா மிதித்துப் பட்டையால் இறைத்த காலத்தில், கிணறு ஊறுவதற்குப் போதிய நேரம் கிடைத்தது. நீரிறைக்கும் யந்திரமோ ஊறுவதிலும் விரைவாக நீரை எடுக்கவல்லது.

அடையாளங்கள்

நீர் வாயிற் கரித்தல், இலைகளின் நுனியும் ஓரமும் கருகுதல், பாத்தியில் வெண்ணிற உப்புப் படிதல் ஆகியன உவர்ப்பின் அடையாளங்கள். போஞ்சி, வெங்காயம், மிளகாய் ஆகியன உப்பால் எளிதில் நலிவன. பீற்றூட் ஓரளவு தாங்கும். நெல் நாற்றுப் பருவத்திலும் பூக்கும் பருவத்திலும் மிக நலியும்.

செய்யவேண்டியவை

1. உவர்க்கும் கிணற்றை ஆழமாக்கலாகாது.

2. அடி தெரியும்வரை ஒரே முறையில் இறைக்காது, இடைவிட்டுச் சிறிது சிறிதாக இறைத்தல் வேண்டும்.

3. காலையிலோ மாலையிலோ நீர் பாய்ச்சுக. பாத்திகளுக்குத் தொழுவுரமிட்டு, வைக்கோலாலோ சருகாலோ மூடினால் மண்ணின் ஈரம் நெடிது நிற்கும்; இறைப்பும் குறையும்.

4. ஐப்பசி முதல் மார்கழி வரை பெய்யும் மழையே கிணறுகளின் முதல். அதற்கு முன்னரே குளங்களையும் கேணிகளையும் தூர்வாருதல் வேண்டும். வயல் வரம்புகளை உயர்த்திக் கட்டினால், கடலுக்கு ஓடும் வெள்ளம் வயலில் நின்று நெல்லுக்கும் உதவும், நிலத்தினுள்ளும் இறங்கும்.

5. மாரி முடிந்ததும் ஒருமுறை, கோடையின் இறுதியில் ஒருமுறை கிணற்று நீரைச் சோதிப்பித்து, உப்பின் அளவைக் குறித்து வைத்தல் நன்று.

உவர்நீர் ஒருமுறை மேலெழுந்துவிட்டால், அதனை மீண்டும் கீழே தள்ளப் பல மாரிகள் வேண்டியிருக்கலாம். மேலும், ஒரு குறிச்சியிலுள்ள கிணறுகள் யாவும் ஒரே நீர்ப்படையிலிருந்து ஊறுவன. ஒருவர் மிகையாக இறைத்தால் அயலவரின் கிணறும் உவராகும். ஆகவே இறைப்பு முறையை அயற் கமக்காரர் யாவரும் கூடி வகுத்துக்கொள்வதே பயன் தரும்.