குடலற்ற புழு குடலில் வாழ்வது எப்படி?

கரடியனாறு உள்ளிட்ட மட்டக்களப்பின் உட்பகுதிக் குளங்களில் வாழும் விரால், தென்னாசியாவில் முட்தலைப் புழுக்களுக்கு, அதாவது கொக்கிகள் செறிந்த துதிக்கையால் குடற்சுவரைப் பற்றிக்கொள்ளும் ஒட்டுண்ணிகளுக்கு, நன்கறியப்பட்ட விருந்துவழங்கியாகும். பாலேராவ் 1931இல் விவரித்த பல்லிசென்டிஸ் நாக்பூரென்சிஸ் இம்மீனில் வாழும் இனங்களுள் ஒன்று.

மீன் செரித்துவைத்த உணவை உடற்போர்வையின் நுண்துளைகள் வழியே நேரடியாக உறிஞ்சுவதால், இப்புழுவுக்கு வாயும் குடலும் தேவைப்படுவதில்லை. பெண்புழுவின் முட்டைகள் மீனின் கழிவோடு நீரை அடைந்ததும், சைக்கிளோப்ஸ் போன்ற நுண்ணிய ஓட்டுடலிகள் அவற்றை விழுங்குகின்றன. அவற்றின் உடற்குழியில் வளரும் இளம்புழு, அவ்வுயிரியையோ அதை உண்ட சிறுமீனையோ விரால் இரையாக்கும்போது குடலை அடைந்து முதிர்கிறது. ஆண், பெண் புழுக்கள் தனித்தனியானவை. பெண்ணே பொதுவாகப் பெரியது.

ஏறத்தாழ 1,300 இனங்களைக் கொண்ட முட்தலைப் புழுக்கள், துதிக்கைக் கொக்கிகளின் எண்ணிக்கை, அவை அமைந்த ஒழுங்கு, உடற்சுவரிலுள்ள உட்கருக்களின் அளவு முதலிய பண்புகளைக் கொண்டு நான்கு வகுப்புகளாகப் பிரிக்கப்படுகின்றன. பல்லிசென்டிஸ், உடற்சுவரில் ஒருசில பேருட்கருக்களையே உடைய ஈயோஅகாந்தோசெபலா வகுப்பைச் சேர்ந்தது. நெடுங்காலம் தனித் தொகுதியாகக் கருதப்பட்ட இவை, நுண்ணோக்கியில் மட்டுமே தெளிவாகத் தெரியும் ரொட்டிபர் எனப்படும் சக்கர உயிரிகளின் நெருங்கிய உறவினர் என்பதை 1990களிலிருந்து நிகழ்ந்த மரபணு ஆய்வுகள் உறுதிப்படுத்தியுள்ளன.