துபாயில் குடும்பத்தோடு குடியேறப் போகிறீர்களா? செக் கொடுக்கும் முன் கவனியுங்கள்!

குமரி மாவட்டக் கடற்கரை ஊரான இனயத்துக்கு வளைகுடா நாடுகள் புதிதல்ல. மீன்பிடி வேலைக்குப் போகிறவர்கள் பெரும்பாலும் படகிலோ, முதலாளி தரும் அறையிலோ தங்கிக்கொள்வார்கள். படித்து, கம்பெனி வேலைக்குப் போய், மனைவி, பிள்ளைகளையும் அழைத்துக்கொள்ள நினைக்கும்போதுதான் வாடகை வீட்டுக் கவலை தொடங்குகிறது.

நம் ஊரில் ஒற்றிக்குப் பிடிக்கலாம். அட்வான்ஸ் கொடுத்து மாதாமாதம் வாடகை கட்டலாம். தெரிந்தவர் வீடு என்றால் வாய்ப்பேச்சே போதும். துபாயில் அப்படி நடக்காது. வாடகை ஆண்டுக் கணக்கில் பேசப்படும். அதை ஒரே செக்காகவோ, இரண்டு, நான்கு என்று பிரித்துப் பின்தேதியிட்ட செக்குகளாகவோ முன்கூட்டியே கொடுப்பதுதான் பரவலான வழக்கம்.

கையில் எவ்வளவு வேண்டும்?

உதாரணமாக, ஆண்டு வாடகை 50,000 திர்ஹாம் என்று வைத்துக்கொள்வோம். நான்கு செக் என்றால் முதல் தவணை 12,500. டெபாசிட் வழக்கமாக 5 சதவிகிதம், அதாவது 2,500. ஏஜென்ட் கமிஷன் இன்னொரு 2,500. அபார்ட்மென்ட்டுக்கு மின்சாரம், தண்ணீர் டெபாசிட் 2,000. ஆக, சாவி வாங்குவதற்கே 19,500 திர்ஹாம் வேண்டும். மேஜை, கட்டிலோடு கூடிய வீடு என்றால் டெபாசிட் 10 சதவிகிதம் வரை போகும்.

குடியேறிய பிறகும் ஒரு செலவு காத்திருக்கும். ஆண்டு வாடகையில் 5 சதவிகிதம் வீட்டுக் கட்டணமாக மின்சார பில்லோடு மாதாமாதம் சேர்ந்து வரும். ஏசி கட்டணம் வாடகைக்குள் அடங்குமா, தனி பில்லா என்பதையும் முதலிலேயே கேட்டுவிடுங்கள்.

எஜாரி இல்லாமல் வேண்டாம்

வாடகை ஒப்பந்தத்தை அரசிடம் பதிவு செய்யும் முறைக்கு 'எஜாரி' என்று பெயர். குடும்பத்துக்கு விசா எடுக்க இந்தப் பதிவு அவசியம். அதோடு, சம்பளம் குறைந்தது 4,000 திர்ஹாம், அல்லது 3,000 திர்ஹாமும் தங்குமிடமும் இருக்க வேண்டும்.

செலவை மிச்சம் பிடிக்க, இன்னொருவர் எடுத்த வீட்டில் தடுப்புப் போட்ட ஓர் அறைக்கு உள்வாடகை கொடுப்பவர்கள் உண்டு. உரிமையாளரின் எழுத்துபூர்வ அனுமதி இல்லாத உள்வாடகையைச் சட்டம் ஏற்காது. 2025 ஜூனில் அல் ரிக்கா, சத்வா, அல் பர்ஷா போன்ற பகுதிகளில் அனுமதியில்லாத தடுப்பறைகள் மீது துபாய் மாநகராட்சி நடவடிக்கை எடுத்தது. பிள்ளைகளோடு இருக்கும்போது அறையை உடனே காலி செய்ய நேர்ந்தால் எங்கே போவது?

உரிமையாளர் யார், ஏஜென்ட் பதிவு பெற்றவரா என்பதை நிலத்துறையின் 'துபாய் ரெஸ்ட்' ஆப்பில் சரிபார்க்கலாம். வீட்டை நேரில் பார்க்காமல் ஊரிலிருந்தே பணம் அனுப்ப வேண்டாம். செக்கை ஏஜென்ட் பெயரில் எழுதாமல், உரிமையாளர் பெயரில் எழுதுங்கள்.

சட்டம் வாடகைக்காரர் பக்கமும் இருக்கிறது. வாடகையை உயர்த்த, ஒப்பந்தம் முடிவதற்கு 90 நாட்களுக்கு முன்பே சொல்ல வேண்டும். சொந்த உபயோகத்துக்கோ, விற்பதற்கோ காலி செய்யச் சொன்னால் 12 மாத நோட்டீஸ் தர வேண்டும். இந்த உரிமைகளைக் கேட்டுப் பெறக் கையில் பதிவுசெய்த ஒப்பந்தம் இருப்பது நல்லது. அதனால் எஜாரி கைக்கு வந்த பிறகு குடும்பத்துக்கு டிக்கெட் போடுங்கள்.